எனக்கு எரியாத மண்

சக்கரத்தில் வனைவதற்கு எந்தப் பீங்கான் மண்ணை வாங்கலாம் என்று, மண் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேட்டு எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடுதாசி எழுத வரும், பாடம் எழுத வராது. அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளையார் துணை நிற்கட்டும். இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அது பின்னால் வரும்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் பத்து வருஷம் இருந்தேன். மூட்டையைப் பிரித்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளி, வெளிச்சத்தில் காட்டி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை. மிளகாய்க்கு நிறம்தான் எல்லாம். நிறம் செத்தால் விலை செத்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எண்ணெய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். அறுபதுகள் தொடங்கின நேரத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பீங்கான் கம்பெனி போட்டார். "நிறம் பாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு மண்ணு பாக்கத் தெரியாதா? வாப்பா" என்றார். போனேன்.

சக்கரத்தில் இருந்தவரை நான் வேளாரே என்று கூப்பிடுவேன். அவர் பேர் இங்கே வேண்டாம். அவருக்கே அது பிடிக்காது. என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். பரம்பரையாகப் பானை வனைந்த வீடு. பீங்கானுக்கு வந்த பிறகும் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் உட்கார மாட்டார்.

அந்த வருஷம் வைகாசியில் வடக்கேயிருந்து ஒரு மண்ணுக்குச் சாம்பிள் வந்தது. சாம்பல் பூத்த மாதிரி நிறம். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வேளார் ஒரு உருண்டை எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். இரண்டு விரலை விட்டு இழுத்தார். மண் அவர் கையோடு எழுந்து வந்து, கையை எடுத்த இடத்தில் நின்றது.

"இதுதான் அண்ணாச்சி மண்ணு. சொன்ன பேச்சு கேக்குது."

"நிறம் மங்கலா இருக்கே வேளாரே."

"பொண்ணு பாக்கவா வந்திருக்கீக?" என்றார். முதலாளி சிரித்துவிட்டு ஆர்டர் கொடுக்கச் சொன்னார்.

லோடு வந்த அன்றைக்குப் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு கோடை மழை. லாரியிலிருந்து மண்ணை உதிரியாக முற்றத்தில் கொட்டியாயிற்று. உள்ளே அள்ளிப்போடச் சாக்கு இல்லை. நான் ஒரே ஓட்டமாக என் பழைய கடைக்கு ஓடி, வெற்றுச் சாக்குகளை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். நனைந்தும் நனையாமலும் மண்ணை அள்ளி அடைத்து உள்ளே ஏற்றிவிட்டோம். முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "பாத்தீகளா, இவனுக்குத்தான் மூளை இருக்கு." அந்த வார்த்தை எனக்கு ஒரு வாரம் இனித்தது.

ஆனி மாதம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஃபோர்மேன் வந்தார். ஒரு பக்கத்துப் புருவம் அவருக்குக் கிடையாது. எப்படிப் போயிற்று என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மருந்து நிறுத்து வைக்கிற கிண்ணம் வேண்டும் என்றார். வெடிப்பொடியைத்தான் அவர்கள் மருந்து என்பார்கள். இரும்பு வைக்கக் கூடாது, பொறி தட்டும். மண் சட்டியில் மணல் உதிரும். பீங்கான் என்றால் வழவழப்பாக இருக்கும் என்று தேடி வந்திருந்தார்.

"விரலை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனா எங்கயும் தட்டக் கூடாது. மயிரிழை விரிசலும் ஆகாது. இன்னிக்கு ஒரு மருந்து வைப்போம், நாளைக்கு வேற மருந்து வைப்போம். முந்துனது விரிசல்ல ஒளிஞ்சு கெடந்து, பின்னது அதுமேல ஒரசுச்சுன்னா..." என்றார். புருவம் இல்லாத பக்கத்தைத் துண்டால் துடைத்தார்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் கிண்ணம் வேண்டும். மூன்று சாக்கு மண்ணைப் பிரித்து ஊறப்போட்டு, சலித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து வேளாரிடம் கொடுத்தேன். அவர் அரை நாள் வனைந்திருப்பார். எழுந்து வந்து என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, இந்த மண்ணு கை எரியுது."

"மண்ணு எரியுமா வேளாரே?"

"சாம்பிள்ல எரியலே. இது எரியுது."

நான் உடனே ஒரு உருண்டையை எடுத்துப் பிசைந்தேன். நன்றாக, ஒரு கால் மணி நேரம் பிசைந்தேன். குளுகுளுவென்று இருந்தது. "எனக்கு எரியலியே" என்றேன். மண்ணை மிதித்துக் குழைக்கிற ஆட்களைக் கேட்டேன். காய்ப்பேறிய அவர்கள் காலுக்கும் எரியவில்லை. வேளார் திரும்பப் போய்ச் சக்கரத்தில் உட்கார்ந்தார். மூன்று நாள் அந்தக் கையோடு வனைந்தார். கிண்ணம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் மூன்றாம் நாள் விரல் வீங்கி, மண்ணின் கனம் கைக்குத் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மண்ணுக்காரன் சாம்பிளுக்கு ஒன்று காட்டி லோடுக்குச் சுண்ணாம்பு கலந்து அனுப்பிவிட்டான் என்று. முதலாளியிடமும் அதையே சொன்னேன். மேற்கே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு மண் வரவழைத்தேன். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்வேன். பச்சரிசி மாவு மாதிரி, கோலம் போடலாம் போல, அப்படி ஒரு வெள்ளை. முதல் தரம் என்று என் கண் சொல்லிவிட்டது. கண் சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது?

வேளார் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கயிறாகத் திரித்து விரலில் சுற்றினார். அது பட்டுப்பட்டென்று வெடித்தது.

"வெள்ளையா இருக்கு அண்ணாச்சி. நிக்காது."

"கை எரியுதுன்னீக, மாத்திட்டேன். இப்ப நிக்காதுங்கீக. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் சொன்ன வார்த்தை இது. அவர்கள் சிரித்தார்கள். வேளார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த மண் பாதி உயரத்தில் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. எழுந்து நின்ற கிண்ணமும் காயும்போது அடியில் கீறியது. மயிரிழைதான். நான் சொன்னேன், "குழைச்ச மண்ணத் தடவி மேல கண்ணாடிப் பூச்சு பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"பூச்சு மேல நிக்கும். விரிசல் உள்ள நிக்கும். அந்தப் பொடி முன்னால உக்காந்து வேல பாக்கறது யாரு அண்ணாச்சி, நீங்களா நானா?"

பிள்ளைகளே, அன்றைக்கு அவர் மறுத்திருக்காவிட்டால் நான் பூசியிருப்பேன். மறைக்காமல் சொல்கிறேன். இன்றைக்கும் கோயிலில் விளக்குப் போடும்போது அந்த ஒரு மறுப்புக்காக அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணுக்குக் கீறல் தெரியாததை மட்டும் சுட்டோம். சூளையிலிருந்து எடுத்ததைப் பார்க்க ஃபோர்மேன் வந்தார். ஒவ்வொரு கிண்ணத்தையும் காதோரம் வைத்து விரல் கணுவால் தட்டினார். நல்ல கிண்ணம் மணி மாதிரி சொல்லும். பாதிக்கு மேல் கட்டைக் குரலில் சொல்லிற்று. அவற்றைக் கவிழ்த்து ஒதுக்கினார். எண்ணிக்கை தேறவில்லை. "பிள்ளையார் சதுர்த்தி கழிச்சு மூணு வாரத்துல வருவேன். ஆகலேன்னா சொல்லிருங்க, வேற எடம் பாக்கேன்" என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏப்பா, ஒரே கேள்விதான். மண்ணு குத்தமா, கை குத்தமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். எனக்கு உண்மையில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மண்ணை மாற்றியவன் நான். மண் குற்றம் என்றால் என் குற்றம். வீட்டில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நான் சொன்னேன், "மண்ணு நல்ல மண்ணுதான் முதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவரே முடித்துக்கொண்டார். சதுர்த்தியோடு வேளாரை நிறுத்திவிட்டு வெளியூரிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாகச் சொன்னார். வேளாரிடம் சொல்கிற பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றார். வெள்ளை மண் நிக்காது என்று தான் முன்பே சொன்னதை முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து ஊரில் கிணறு வெட்டுகிற வேலைக்குக் கேட்டிருப்பதாக மட்டும் சொன்னார். வனைகிற கை கடப்பாரை பிடிக்கப் போகிறது. நான் பூஜையில் உட்கார்ந்தால் திருநீறு கையில் ஒட்டவே இல்லை போல இருந்தது.

சதுர்த்தி அன்று காலை. வாங்குகிற பிள்ளையார் வேண்டாம், நம் கம்பெனி மண்ணில் நானே பிடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரி ஆசைப்பட்டாள். காரியாபட்டிப் பக்கத்துப் பெண். தோட்டத்து மண்ணில் பிள்ளையார் பிடித்துப் பழகியவள். வெள்ளை மண்ணில் கை வைக்க மனசில்லாமல், ஒதுக்கிப் போட்டிருந்த சாம்பல் மண்ணில் ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவள் குளித்துவிட்டுப் பிசைய உட்கார்ந்தாள். வயிறு பிடித்து, தும்பிக்கை வைத்து, அடுத்த கை பிடிக்கும்போது நிறுத்தினாள். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"என்னங்க, இதுல வத்தல் கெடந்துச்சா?"

"மண்ணுல எங்கிட்டு வத்தல்?"

"கை காந்துது. வாடையும் அதேதான். பத்து வருசம் ஒங்க சட்டையத் தனியா ஊறப்போட்டுத் தொவைச்சவ நான். எனக்குத் தெரியாதா? ஒங்களுக்குத்தான் கையும் செத்துப்போச்சு, மூக்கும் செத்துப்போச்சு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிளகாய்ச் சாக்கு. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்த சாக்கு. ஈர மண்ணை அதில் அடைத்து, சாக்கில் ஒட்டியிருந்த வத்தல் பொடி முழுக்க மண்ணில் இறங்கியிருக்கிறது. மண்ணுக்காரன் சுண்ணாம்பு கலக்கவில்லை. வேளார் கையில் கோளாறு இல்லை. எரிகிறதா என்று பார்க்க, ஊரிலேயே மிளகாய் எரியாத ஒரு கையை நீட்டியிருக்கிறேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார் பாதியில் இருந்தார், குரங்கு எதிரே உட்கார்ந்திருந்தது. "நீ பூஜைய முடி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கை மண்ணை வாழை இலையில் மடித்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மனசு பேரம் பேசியது. நாளைக்குச் சொல்லலாம், நல்ல நாளில் எதற்கு. மண்ணுக்காரன் வத்தல் ஏற்றின லாரியில் அனுப்பிவிட்டான் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும். வேலை போய்விட்டால் திரும்பக் கமிஷன் கடையில் சேர்ப்பார்களா. இலையில் இருந்தது பிள்ளையாருக்குப் பிசைந்த மண். அதனால் திரும்பி நடக்கக் காலுக்குத் துணிச்சல் வரவில்லை.

முதலாளி வீட்டில் கொழுக்கட்டை வாசனை, சொந்தக்காரர் கூட்டம். என்னைப் பார்த்ததும், "வாப்பா, சாப்பிட்டயா?" என்றார்.

"இந்த மண்ணக் கொஞ்சம் பெசைஞ்சு பாருங்க முதலாளி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பிசைந்தார். அங்கே புழுக்கம். பேச்சுக்கு நடுவே அந்தக் கையாலேயே நெற்றி வேர்வையை வழித்துவிட்டார், கண்ணோரத்தையும் சேர்த்து. அப்புறம் அவர் கிணற்றடிக்குப் போன வேகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. முகம் கழுவிவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு நான் கொண்டுவந்தது, மண்ணை மாற்றியது நான், வேளார் நிக்காது என்று சொன்னதை மறைத்தது நான்.

"அன்னிக்கு மண்ணு குத்தமான்னு கேட்டேனே. ஏன் சொல்லலே?"

"தெரியலே முதலாளி. தெரியலேன்னு சொல்லியிருக்கணும். அதச் சொல்லல."

துண்டால் கண்ணை ஒற்றினார். என் சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னார், "அந்தச் சாக்குக்கு ஒன்னயத் தோள்ல தட்டுனது நானுந்தான். வெவரம் கேக்காம தட்டிட்டேன். போ. வேளாரக் கையோட கூட்டிட்டு வா. கொழுக்கட்ட தின்னுட்டுப் போ முதல்ல."

வேளார் வீட்டு வாசலில் கடப்பாரை சாத்தியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் இன்னும் தோல் உரிந்திருந்தது. எரிந்த நாளெல்லாம் மோரில் கையை வைத்துக்கொண்டே இரவு தூங்கினாராம். "முதலாளிகிட்ட என்னயச் சொல்லியிருக்கலாமே வேளாரே. ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலை நான் மாற்றாமல் எழுதுகிறேன். "எனக்கு எரிஞ்சது நெசம். ஒங்களுக்கு எரியலேன்னு சொன்னீக, நீங்க அதுல பொய் சொல்ற ஆளு இல்லே, அதுவும் நெசம். ரெண்டும் நெசம்னா நடுவுல என்னமோ ஒண்ணு கெடக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாம ஒருத்தர் மேல எப்படிச் சொல்ல?"

பள்ளிக்கூடம் போகாத மனிதர். எனக்குத் தெரியாதபோது நான் அவர்மேல் சாயவிட்டேன். அவருக்குத் தெரியாதபோது அவர் காத்திருந்தார்.

மறுநாள் மீதிச் சாக்குகளைப் பிரித்தோம். நல்ல காலம், ஈரத்தில் அடைத்த மண் சாக்கு வடிவத்திலேயே கட்டியாக இறுகியிருந்தது. சுற்றிலும் மேல்புறம் இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கி எறிந்தோம். உள்ளே இருப்பது சுத்தமா என்று யார் பார்ப்பது? வேளார் கை புண். என் கை லாயக்கில்லை. முதலாளியே சொல்லி அனுப்ப, என் வீட்டுக்காரி கம்பெனிக்கு வந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கட்டியாகத் தேய்த்து, முகர்ந்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்தாள். பத்து வருஷம் நான் செய்த தரம் பிரிக்கிற வேலை. என்னைவிட நன்றாகச் செய்தாள். "சம்பளம் உண்டுல்ல?" என்று முதலாளியையே கேட்டாள். அவர் எங்களுக்கு வேஷ்டியும் சேலையும் எடுத்துக் கொடுத்தார்.

வேளார் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வனைந்தார். சூளை இறங்கின அன்று ஃபோர்மேன் வந்து காதோரம் வைத்துத் தட்டினார். மணி, மணி, மணி. இரண்டே இரண்டைத்தான் கவிழ்த்தார். நான் பயந்துகொண்டே, "நிறம் கொஞ்சம் மங்கல்" என்றேன். "கல்யாணத்துக்கா வச்சுக் குடுக்கப் போறேன்? கீறாம இருந்தாப் போதும், உசிரு நிக்கும்" என்று வண்டியில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டார். நான் இருந்த வரைக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனி எங்களை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் வந்தது. யாரும் சட்டம் போடவில்லை. எந்த லோடு வந்தாலும் முதல் உருண்டை சக்கரத்தில் ஏறும். வேளார் கொஞ்ச நேரம் வனைவார். அப்புறம் மண் அறைப் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, எரியலே" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகுதான் லோடு சீட்டில் கையெழுத்துப் போடுவேன். அவர் சக்கரத்தை விட்டு இறங்கிய நாள் வரைக்கும் ஒரு லோடுக்குக்கூட அது தவறவில்லை. அவர் கைக்கும், என் வீட்டுக்காரி மூக்குக்கும், கண் சிவந்தும் என்னைச் சாப்பிடச் சொன்ன முதலாளிக்கும் நான் பட்ட கடன் தீராது. தினமும் பிள்ளையார் முன்னால் அவர்கள் மூன்று பேரையும் சொல்லித்தான் தேங்காய் உடைக்கிறேன்.

எந்த மண் வாங்கலாம் என்று கேட்டீர்கள். வெளுப்பைக் கடைசியில் பாருங்கள். நிற்கிறதா, கீறுகிறதா என்று வனைகிறவரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கை இதற்கு முன் எதில் பழகியது என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கடைசி லோடு வந்தது. சக்கரத்தில் வேறொரு ஆள். முதல் உருண்டை ஏறியது, கிண்ணம் எழுந்தது. நான் சீட்டும் பேனாவுமாகக் காத்திருந்தேன். அந்த ஆள் திரும்பவே இல்லை. கடைசியில் நானே எழுந்து பக்கத்தில் போய், "எரியுதாப்பா?" என்று கேட்டேன். இந்தக் கிழவனுக்கு என்ன ஆயிற்று என்பது போல என்னைப் பார்த்தார். "இல்லியே அண்ணாச்சி. எதுக்குக் கேக்கீக?"

அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடுதாசியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த லோடுக்கு நீங்கள் கேளுங்கள்.